பதினான்காம் இலக்க வீடு

பாராளுமன்ற உறுப்பினர்களின் கந்தோர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கடிதத்தை எப்படிப் பதிவது, எந்த அமைச்சுக்கு எந்தப் படிவம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்தில் தட்டச்சு இயந்திரமும் கார்பன் தாளும்தான். அந்தப் பழைய வித்தைகளைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்க எனக்கு விருப்பமில்லை. நான் எழுதிய ஒரு பொய்க் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் யாராவது ஒருவருக்கு என்றைக்காவது அதே கை அரிப்பு வரும். அப்போது இது உதவும்.

நான் பதினான்கு வருடம் ஒரே ஆளிடம் செயலாளராக வேலை செய்தேன். ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்து வந்த கொன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர் அவர். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. கிழக்கு லண்டனில், எங்கள் இல்ஃபோர்ட் வீட்டில் அவருக்குப் பெயர் ஸ்கொட்லாந்து ஐயா. என் கணவர் வேலையால் வந்ததும் முதலில் கேட்பது, "இண்டைக்கு ஐயா என்ன சொன்னவர்?" என்பதுதான். ஆகவே இங்கேயும் ஐயா என்றே இருக்கட்டும்.

ஐயா ஒரு மிருக வைத்தியரின் மகன். சட்டம் படித்தவர். அவருடைய கட்சிக்கு ஒருபோதும் கிடைக்காத தொழிற்சாலைத் தொகுதிகள் இரண்டில் நின்று, இரண்டிலும் மண் கவ்வியவர். மூன்றாவது முறை, எண்பதுகளின் தொடக்கத்தில், தான் பிறந்த கரையிலேயே நின்று வென்று லண்டனுக்கு வந்தார். மீன்பிடித் துறைமுகங்கள் சிலவும் பார்லி வயல்களும்தான் அவருடைய தொகுதி. சபையில் அவர் மீனைப் பற்றிப் பேச எழும்பினால் மற்றவர்கள் தேநீர் குடிக்க எழும்பிவிடுவார்கள். மனிதர் அதற்கெல்லாம் அசரமாட்டார். இருபது நிமிடம் பேசவந்தால் இருபது நிமிடமும் பேசிவிட்டுத்தான் உட்காருவார்.

அவரை ஒரு மகான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மகா பிடிவாதக்காரர். கந்தோரில் ஒரு தேயிலைப் பையை இரண்டு கோப்பைக்குப் போடச் சொல்லுவார். வெளிநாட்டவர் வருவதை இறுக்கும் சட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வாக்களித்தவர். அந்த வாக்களிப்பு நாட்களில் நான் அவரோடு அளவாகத்தான் பேசுவேன். அவருக்கும் அது தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தொகுதி ஆள் யாராக இருந்தாலும், வாய் திறந்ததும் முதல் கேள்வி, "எந்தத் தெரு?" என்பதுதான். தெருவைச் சொன்னால் பேக்கரிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்பார். ஒவ்வொரு தெருவையும் தேர்தல் காலத்தில் நடந்தே அளந்தவர். தோற்றால்கூட கால் தேய்ந்ததுதான் மிச்சம், அதை வீணாக்குவானேன் என்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதில்தான் நான் விழுந்தேன். வியாழக்கிழமை பின்னேரம் அவர் வடக்கே தொகுதிக்குப் போய்விடுவார். திங்கள் மதியம்தான் திரும்புவார். போகும்போது பாராளுமன்றச் சின்னம் பொறித்த வெற்றுக் கடிதத்தாள் பத்தில், அடியில் கையெழுத்துப் போட்டு என் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போவார். இடையில் தொகுதியாருக்கு அவசரம் வந்தால் தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்ப வேண்டும். மேலே வெறுமையாகவும் கீழே ஒரு மனிதனின் பெயருமாக இருக்கும் தாள் எவ்வளவு பயங்கரமான பொருள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்களுக்குப் பக்கத்துக் குட்மேய்ஸிலிருந்து பராசக்தி அக்கா தொலைபேசி எடுத்தா. அவவும் நானும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். அவவின் தம்பி குகன் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு அக்காவோடு இருந்தான். இருபத்தாறு வயது. வாரா வாரம் குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். முந்தின நாள் வைக்கப் போனவனை அங்கேயே மறித்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அடைத்துவிட்டார்கள்.

"தங்கச்சி, செவ்வாய்க்கிழமை காலமை பிளேனிலை ஏத்தப்போறாங்களாம்," என்றா. அழக்கூட இல்லை. "கொழும்பிலை இறங்கினால் அவனைப் பிடிப்பாங்கள். அண்ணனைக் கொண்டுபோன மாதிரித்தான் இவனையும் கொண்டுபோவாங்கள்."

"உங்கடை ஏரியா எம்.பி.யிட்டைப் போனியளோ அக்கா?"

"போனனான். அந்தாள் ஆஸ்பத்திரியிலையாம். ரெண்டு கிழமையாலை வரச்சொல்லி அங்கை இருந்த பெட்டை சொன்னவள். ரெண்டு கிழமையாலை போய் நான் என்னத்தைக் காட்டுறது? நீ பாராளுமன்றத்துக்குள்ளையே இருக்கிறாய். உன்ரை ஐயாவைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவி. ஏலாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

அந்தக் காலத்தில் ஒரு உறுப்பினர் தன் தொகுதி ஆளுக்காக உள்துறை அமைச்சருக்கு எழுதினால், அமைச்சர் பதில் தரும்வரை ஆளை ஏற்றி அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள். ஆனால் தன் தொகுதி ஆளுக்காக மட்டும்தான். அடுத்தவர் தொகுதிக்குள் மூக்கை நுழைப்பது சபையில் பெரிய மரியாதைக் கேடு. அது இன்றைக்கும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். குகனோ குட்மேய்ஸ். ஐயாவின் தொகுதி அங்கிருந்து ஐந்நூறு மைல்.

நான் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். அவருடைய தொகுதிக் கந்தோர் இலக்கம் எனக்குப் பாடம். ஆனால் எடுக்கவில்லை. இந்தச் சட்டத்துக்கு வாக்களித்த மனுசன், இவர் எங்கே உதவப்போகிறார் என்று நானே கேள்வியும் கேட்டு, நானே அவருடைய பதிலையும் சொல்லிக்கொண்டேன். லாச்சியைத் திறந்து ஒரு தாளை உருவினேன். குகன் என்பவர் எனது தொகுதியில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று தட்டினேன். விலாசம் வேண்டுமே. பழைய கடிதம் ஒன்றில் ஒரு துறைமுகத் தெருவின் பெயர் கண்ணில் பட்டது. அதை எடுத்து, இலக்கம் பதினான்கு என்று போட்டேன். கை நடுங்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

கடிதத்தை நானே நடந்துபோய் அமைச்சில் கொடுத்தேன். மூன்று மணிக்கு அங்கிருந்து தொலைபேசி வந்தது. அமைச்சர் பார்க்கும்வரை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார்கள். பராசக்தி அக்காவுக்குச் சொன்னேன். அப்போதுதான் அவ அழுதா. நானும் சேர்ந்து அழுதேன். சனியும் ஞாயிறும் உலகத்தையே காப்பாற்றிவிட்டவள் போல வீட்டில் வளைய வந்தேன்.

திங்கள் மதியம் ஐயா வந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் என் நினைவுக்குள் அது தமிழாகிவிட்டது.

"மிசிஸ் நாதன், படிக்கட்டில் துணை அமைச்சரைச் சந்தித்தேன். என் தொகுதியில் ஒரு தமிழர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாராம். நல்ல விஷயம். துறைமுகத் தெரு, பதினான்காம் இலக்கமாம்."

நான் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்தேன்.

"அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டோடு துறைமுகச் சுவர் வந்துவிடும். பதினான்காவது வீடு இருப்பதென்றால் அது கடலுக்குள்தான் இருக்கவேண்டும்."

வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன். அன்று எழுந்து நின்றேன்.

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"நான்கு மணிக்கு வந்து பதில் சொல்கிறேன் என்றேன். இப்போது ஒன்றே கால். எனக்கு உண்மை வேண்டும். முழுவதும், முதலிலிருந்து."

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள் பிள்ளைகளே. ஆம், அவர் என் தொகுதி ஆள்தான் என்று படிக்கட்டிலேயே சொல்லியிருந்தால் ஐயா அமைச்சருக்குப் பொய் சொன்னவர் ஆகியிருப்பார். அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தடை நீங்கி, குகன் மறுநாள் காலை விமானத்தில் இருப்பான். இரண்டில் ஒன்றைச் சொல்லச்சொல்லி எதிரில் ஒரு அமைச்சர் நிற்கும்போது, மூன்று மணி நேரம் கேட்டு வாங்க எத்தனை பேருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிராது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தமையனைக் கொண்டுபோனதையும், அக்கா சனிக்கிழமை கொண்டுவந்து தந்த கோப்பில் இருந்த மருத்துவக் கடிதத்தையும், குகனின் முதுகில் இருக்கும் தழும்புகளையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஏன் என்னைக் கூப்பிடவில்லை?"

"நீங்கள் மாட்டேன் என்று சொல்லுவீர்கள் என்று நினைத்தேன். அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர் நீங்கள்."

அவருடைய முகம் சிவந்தது. கோபம் வந்தால் அவருக்குக் காதிலிருந்துதான் சிவப்புத் தொடங்கும். "ஓம், வாக்களித்தேன். சட்டம் வேண்டும் என்று சொன்னவன் நான். ஆகவே அது ஒரு ஆளைப் பிழையாகப் பிடித்தால் முதலில் ஓடவேண்டியவனும் நான். மாட்டேன் என்று சொல்வதானால் அதை நானே சொல்லியிருப்பேன். என் வாயை நீங்கள் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை." பிறகு, "அவருடைய உண்மையான உறுப்பினர் எந்த ஆஸ்பத்திரியில்?" என்றார்.

எனக்குத் தெரியாது. கேட்கவேயில்லை. இரண்டு தொலைபேசியில் கண்டுபிடித்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாக்சியில் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமையும் அந்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது.

அவர் இரண்டு கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதலாவது, தன் பெயரில் போன கடிதம் பிழையானது, அதை மீளப்பெறுகிறேன் என்பது. நான் அதில், செயலாளர் மிசிஸ் நாதன் உறுப்பினருக்குத் தெரியாமல் எழுதியது என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அவர் அதை வாசித்துவிட்டுப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அதுதானே உண்மை," என்றேன்.

"என் கையெழுத்துக்கு மேலே இருப்பதெல்லாம் நான் எழுதியது. உங்களை நம்பித் தாளை வைத்துவிட்டுப் போனவனும் நான். திரும்பத் தட்டுங்கள்."

இரண்டாவது கடிதம் குகனின் உண்மையான உறுப்பினர் அமைச்சருக்கு எழுதுவதாக இருந்தது. கையெழுத்து இடம் மட்டும் வெறுமை. இரண்டையும் கோப்போடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அந்த உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் சபையில் எழும்பி, ஐயாவின் பேச்சு மீனைவிடக் கெட்டுப்போன வாசம் அடிக்கிறது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவர். இப்போது பித்தப்பையை எடுத்துவிட்டு, கோடு போட்ட பைஜாமாவோடு சாய்ந்திருந்தார். ஐயாவைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் செத்துப்போனேனா? நரகத்தில் என்னை வரவேற்க உம்மைத்தான் அனுப்புவார்கள் என்று எப்போதும் நினைத்தேன்."

"இன்னும் இல்லை," என்றார் ஐயா. "உம்முடைய தொகுதிக்குள் நான் அத்துமீறி நுழைந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். அதோடு ஒரு உதவியும் வேண்டும்."

நடந்ததை ஐயா தன்மேல் போட்டே சொன்னார். நான் கட்டில் காலடியில் நின்றேன். அந்த மனிதர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கோப்பின் எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். நான் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவக் கடிதத்துக்கு வந்ததும் அதை இரண்டாம் தரமும் வாசித்தார்.

"இது உம்முடைய அரசாங்கத்தின் முடிவு," என்றார் ஐயாவிடம்.

"தெரியும்."

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பொய்க் கடிதம் போனதையும் நீரே ஒப்புக்கொள்கிறீர். ஆடி மாதத்தில் உமக்கு ஸ்கொட்லாந்து அமைச்சில் பதவி வரும் என்று பத்திரிகையில் பார்த்தேனே."

"பத்திரிகையில் மீன் சுற்றித்தான் எனக்குப் பழக்கம். கையெழுத்துப் போடுகிறீரா?"

போட்டார். மயக்க மருந்தோ வலியோ, எழுத்துக் கோணியிருந்தது. எனக்கு அதைவிட அழகான கையெழுத்து அதுவரை கண்ட ஞாபகமில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க ஐயா துணை அமைச்சரின் அறைக்குள் போனார். நான் வெளியே மரவாங்கில் இருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒருமுறை குரல் உயர்ந்தது. அது ஐயாவின் குரல் இல்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நடந்துகொண்டே சொன்னார்.

"புதிய கடிதத்தின் பேரில் தடை தொடர்கிறது. கோப்பைத் திரும்பப் பார்க்கிறார்கள். அக்காவுக்குச் சொல்லுங்கள்."

அக்காவுக்கு எல்லாவற்றையும், கடலுக்குள் இருந்த வீட்டையும் சேர்த்தே சொன்னேன். நான் அன்றே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வியாழக்கிழமை அவர் வடக்கே போனபிறகு லாச்சியைத் திறந்தேன். வெறுமையாகத்தான் இருக்கும், பூட்டாமல் விட்டதே பெரிது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட தாள் பத்தும் எப்போதும்போல அங்கே இருந்தன. அவற்றை மேசையில் அடுக்கி எண்ணி, திரும்ப உள்ளே வைத்தேன். அதன்பிறகு பத்து வருடம் அந்த லாச்சி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு சொல்கூட அந்தத் தாள்களில் தட்டியதில்லை.

குகனை நான்கு கிழமையில் வெளியே விட்டார்கள். இருக்கலாம் என்ற கடிதம் வர இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. ஐயாவுக்கு ஆடியில் பதவி வரவில்லை. அடுத்த ஆடியிலும் வரவில்லை. கடைசிவரை பின்வரிசையில் இருந்து மீனைப் பற்றியே பேசினார். ஒருநாள் மனம் பொறுக்காமல், என்னால்தானே என்று கேட்டுவிட்டேன்.

"மிசிஸ் நாதன், அந்தப் பதவிக்கு வந்தவர் என்னைவிடக் கெட்டிக்காரர். நீங்கள் உங்களை அவ்வளவு பெரிய ஆளாக நினைக்கவேண்டாம்," என்றார். அது உண்மையோ, என் மனம் ஆறச் சொன்னதோ தெரியாது. நான் ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றேழில் அவர் தோற்றார். அவர் மட்டுமில்லை, ஸ்கொட்லாந்தில் அவருடைய கட்சிக்கு ஒரு ஆசனமும் மிஞ்சவில்லை. கந்தோரைக் காலி செய்ய அடுத்த கிழமை லண்டனுக்கு வந்தார். பதினான்கு வருடக் கடிதங்கள் முப்பது பெட்டிக்கு மேல் வந்தன. லாச்சியில் மீந்திருந்த கையெழுத்துத் தாள்களை அவர் கேட்காமலே நான் அவர் முன்னால் கிழித்துப் போட்டேன். இப்போது அந்தக் கையெழுத்துக்கு ஒரு பலமும் இல்லை. ஆனாலும் மனமில்லாமல்தான் கிழித்தேன்.

பெட்டிகளைத் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வான் வைத்திருந்த ஒருவரை நான் கூப்பிட்டிருந்தேன். அவர் உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, ஒரே மூச்சில் இரண்டு பெட்டியைத் தோளில் ஏற்றினார். நீலச் சட்டை, வெயிலில் கறுத்த முகம், வேகநடை.

ஐயா வழக்கம்போலக் கேட்டார். "எங்கிருந்து வருகிறீர்கள்?"

"குட்மேய்ஸ், சேர்."

"எந்தத் தெரு?"

அவர் தெருப் பெயரைச் சொன்னார்.

"அதில் எத்தனை வீடு?" ஐயா விடுவாரா? தோற்ற மனுசனுக்கு அன்றைக்கு யாரோடாவது தெருக்கதை பேசவேண்டியிருந்தது.

"அறுபத்திரண்டு, சேர். எனக்கு நல்லாய்த் தெரியும். நான் தபால்காரன், அந்த ரோட்டுக்கு நான்தான் கடிதம் குடுக்கிறன்." அவர் பெட்டிகளை மெல்லக் கீழே இறக்கிவைத்தார். "என்ரை வீடு முப்பத்தேழு. போன வருசம் வாங்கினனான். ரெண்டு பிள்ளையள். உங்களைக் காணவேணும் எண்டு பத்து வருசமாய் இந்த அக்காவுக்குக் கரைச்சல் குடுத்தனான். வேலை நேரத்திலை வரவேண்டாம் எண்டிட்டா."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். காதிலிருந்து சிவப்புத் தொடங்கியது. அது கோபம் இல்லை.

குகன் கையை நீட்டினார். "முப்பத்தேழாம் இலக்கம், சேர். நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் வந்து பாக்கலாம். கடலுக்குள்ளை இல்லை."